செங்குட்டுவனுக்குப் பாடிய கானா

பெட்டியின் அட்டையில் ஓர் அரிவாள் இருந்தது. எங்கள் ஆட்டத்தில் அரிவாளே கிடையாது. ஷேர் ஆட்டோ இருந்தது, தண்ணி லாரி இருந்தது, எண்ணூர்ச் சாம்பல் பறக்கிற காற்று இருந்தது, துறைமுகத்தில் அடுக்கிவைத்த கன்டெய்னர்களுக்குள் குடித்தனம் நடத்தும் ஆவிகள் இருந்தன. அரிவாள் மட்டும் எங்கள் மூளைக்கு எட்டவில்லை. அதை, ஆட்டத்தைப் பெட்டி போட்டு வெளியிடும் ஞானதுரை சேர்த்திருந்தார்.

அட்டைப் படத்தை அவர் போனில் அனுப்பியதும் கூப்பிட்டுக் கேட்டேன்.

"வட சென்னைன்னா ஆடியன்ஸ் முதல்ல தேடுறது அதைத்தான் மகிழினி. மார்க்கெட் அப்படி இருக்கு," என்றார்.

மார்க்கெட் என்று சொல்லும்போது அவர் குரல் தாழ்ந்துவிடும். வீட்டில் ஒரு நோயாளி படுத்திருக்கிறார், அவருக்கு ஒத்துக்கொள்ளாததைச் சமைக்கக் கூடாது என்பது போலச் சொல்வார். அந்த நோயாளியை நான் ஒருநாளும் பார்த்ததில்லை. ஆனால் எங்கள் ஆட்டத்தில் அவருக்கு ஒத்துக்கொள்ளாதது எவ்வளவோ இருந்தது.

இது என்ன ஆட்டம் என்று கேட்பவர்களுக்கு ஒரு வார்த்தை. நாலைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார வேண்டும். ஒருவர் கதையை நடத்துவார். மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாகி, "நான் கதவைத் திறக்கிறேன்", "நான் ஓடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே போவார்கள். நினைத்தது நடக்குமா என்பதைப் பகடை முடிவு செய்யும். வெளிநாட்டில் இது பெரிய வியாபாரம். லண்டன் தெருவில் ரத்தக் காட்டேரி, நியூயார்க் சுரங்க ரயிலில் சூனியக்காரி என்று, தெரிந்த ஊருக்குள் தெரியாதவற்றை நடமாட விடும் ஆட்டங்களுக்கு அங்கே தனி அலமாரியே இருக்கிறது. கொரோனா ஊரடங்கில் ஜுபைர் அதைப் போனில் பார்த்துவிட்டு, "நம்ம ஏரியால இல்லாத பேயா மகி?" என்று என்னிடம் கேட்டான். ஆரம்பித்தது அப்படித்தான்.

ஜுபைருக்குத் தண்டையார்பேட்டையில் ஜெராக்ஸ் கடை. கடைக்கு மேலே கேரம் கிளப். ஞாயிற்றுக்கிழமை காலையில் கிளப் காலியாக இருக்கும். அங்கே நாலு பேர் உட்காருவோம். ஜுபைர், திருவொற்றியூரில் ஒரு கன்டெய்னர் கிடங்கில் பில் போடும் நான், குடோனில் மூட்டை ஏற்றுவதோடு சாவு வீடுகளில் கானாவும் பாடும் அன்புமணி, டிரெய்லர் ஓட்டும் என் அண்ணன் செங்குட்டுவன். இருபது முகம் உள்ள பகடை ஆன்லைனில் கிடைக்கிறது என்று ஜுபைர் சொன்னான். அண்ணன் சிரித்துவிட்டான்.

"கிளப்புல காயின் கொட்டிக் கீது, பகடை இன்னாத்துக்குடா?"

அப்படித்தான் கேரம் காயின்களைப் பையில் போட்டு எடுப்பது என்று ஆயிற்று. வெள்ளை வந்தால் நினைத்தது நடக்கும். கறுப்பு வந்தால் நடக்காது. ரெட் வந்தால் அதிர்ஷ்டம், ஆனால் அடுத்தது வெள்ளையாக ஃபாலோ வர வேண்டும். வராவிட்டால் ரெட்டும் பைக்குள் திரும்பிப் போகும். எங்கள் பக்கம் பத்து வயதுப் பிள்ளைக்குக்கூட இதை விளக்கத் தேவையில்லை.

அண்ணன் விதிகள் எழுதுகிற ஆள் இல்லை. டீ சொல்லிவிட்டு, அது வருவதற்குள் வண்டி கூப்பிட்டுவிட்டது என்று எழுந்து ஓடுகிற ஆள். ஆனால் ஒரே ஒரு விதி அவனுடையது. ஒரு ஞாயிற்றுக்கிழமை அன்புமணியின் பாத்திரம், ஒரு மீன்காரம்மா, எண்ணூர்க் கழிமுகத்தில் செத்துப்போனாள். "சரி, வேற கேரக்டர் போடு," என்று ஜுபைர் பையைக் குலுக்கினான். அண்ணன் பையின் மேல் கையை வைத்தான்.

"இன்னாடா, ஒரு பொம்பள செத்துக் கெடக்குது. பாடாம அப்படியே தாண்டிப் போவியா?"

எங்கள் தெருக்களில் ஒருவர் செத்தால் பந்தலுக்குக் கீழே உட்கார்ந்து டோலக்கு தட்டி கானா பாடுவார்கள். செத்தவரைக் கிண்டல் செய்வார்கள், திட்டுவார்கள், அவர் எப்படி வாழ்ந்தார் என்று சொல்வார்கள், அழ வைப்பார்கள். கடைசி அடியில் மட்டும் கிண்டல் இருக்காது. நீ விட்டுவிட்டுப் போவதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், கவலைப்படாமல் போ என்று அதில் தெரு வாக்குக் கொடுக்கும். அதைப் பாடாமல் யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். அண்ணன் அதை அப்படியே விதியாக்கினான். ஆட்டத்தில் ஒரு பாத்திரம் செத்தால் மேசையில் இருக்கிறவர்கள் அதற்கு கானா பாட வேண்டும். கடைசி அடி முடியும் வரை யாரும் காயினைத் தொடக் கூடாது. நடுவில் நிறுத்தினால் செத்தவர் போக்கிடமில்லாமல் அலைவார். அன்று நாங்கள் அந்த மீன்காரம்மாவுக்குப் பாடினோம், விளையாட்டாகத்தான் ஆரம்பித்தோம், முடிக்கும்போது ஜுபைர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அடுத்த வருடம் அண்ணன் செத்துப்போனான். துறைமுகத்துக்குள் போகக் காத்து நிற்கும் டிரெய்லர் வரிசையில், டயரைப் பார்க்கக் கீழே இறங்கியவன் மேல் பின்னாலிருந்து வந்த வண்டி ஏறியது. வியாசர்பாடியில் எங்கள் குடியிருப்புக்கு முன்னால் பந்தல் போட்டார்கள். அன்புமணி பாடினான்.

டோல்கேட்டு டீக்கடை தொறந்து கீது – நைனா
டிரெய்லரு மட்டும் தனியா நிக்குது
சொல்லி வெச்ச டீயும் ஆறிப்போச்சு – செங்குட்டு
சொல்லாம கொள்ளாம எங்க பூட்ட

அந்த டீ வரியில் அண்ணி மலர்க்கொடி, அழுதுகொண்டிருந்தவள், சிரித்துவிட்டாள். பிறகு இன்னும் அதிகமாக அழுதாள்.

ஞானதுரை வந்தது அதற்கப்புறம். நாங்கள் ஆடுவதை ஜுபைர் வீடியோ எடுத்துப் போட்டிருந்தான். அதைப் பார்த்துவிட்டுத் தேடிக்கொண்டு வந்தார். பிறந்தது காலடிப்பேட்டை, இப்போது இருப்பது ஓ.எம்.ஆர். இந்த மாதிரி ஆட்டங்களைப் பெட்டி போட்டு விற்கும் ஒரு கம்பெனி வைத்திருந்தார். "நானும் இந்தப் பக்கம்தான்பா," என்று கிளப்பில் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். எங்களோடு ஒரு ஆட்டம் ஆடினார். அவருடைய பாத்திரம் செத்தது. பாட்டைக் கேட்டார். கானா எப்படி இருக்கும் என்று காட்டுவதற்காக அன்புமணி அண்ணனுக்குப் பாடியதையே பாடினான். ஞானதுரை அழுதார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு அழுதார். எனக்கு இன்றுவரை ஆறாதது அந்த அழுகைதான். பிறகு நடந்ததை ஒன்றும் புரியாத ஆள் செய்திருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவருக்கு எல்லாம் புரிந்தது.

"இந்தப் பாட்டை எனக்குத் தர முடியுமா? ஆடுறவங்க கேட்கணும்," என்றார். அன்புமணி அவர் போனிலேயே முதல் அடியிலிருந்து கடைசி அடி வரை பாடிக் கொடுத்தான். என்ன ஏது என்று கேட்கவில்லை. சாவு கானா கேட்டு வந்தவனிடம் எங்கள் பக்கத்தில் யாரும் நிபந்தனை போட மாட்டார்கள். கேட்டால் பாடுவார்கள், அவ்வளவுதான். எவனாவது அதை வேறெதற்காவது கேட்பான் என்று அன்புமணிக்குத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை, ஜுபைருக்கும் தோன்றவில்லை.

ஆட்டத்தை அவர் வெளியிடலாம் என்று முடிவானபோது நான் இரண்டே இரண்டு கேட்டேன். பெட்டியில் என் அண்ணன் பெயர் வர வேண்டும். அவனுடைய விதி உள்ளே இருக்க வேண்டும். அவர் நெஞ்சில் கை வைத்து, "கானா இல்லாம இந்த கேமே இல்ல," என்றார்.

அதற்கப்புறம் நோயாளிக்கு வைத்தியம் ஆரம்பமானது. 'சாம்பல் கரை' என்று நாங்கள் வைத்த பெயர் மந்தமாக இருக்கிறதாம், 'நார்த் மெட்ராஸ்: ரத்தக் கரை' ஆனது. கேரம் காயின் போய் இருபது முகப் பகடை வந்தது. புனேயில் இருப்பவனுக்கு ஃபாலோ என்றால் தெரியாதாம். எங்கள் ஆட்டத்தில் ஊருக்குள் வரும் எதிரி, ஜனங்களின் நிழலை விலைக்கு வாங்க வரும் ஒரு கம்பெனி. அது அரசியலாக இருக்கிறதாம், எடுத்துவிட்டார்கள். ஷேர் ஆட்டோக்காரரும் ஆஸ்பத்திரி ஆயாவும் டிரெய்லர் டிரைவரும் நாயகர்களாக இருந்தால் வாங்குகிறவன் தன்னை அதில் பார்க்க முடியாதாம். அதனால் நாயகர்கள் சோழிங்கநல்லூரிலிருந்து வந்தார்கள். பேய் பிடிக்கும் ஸ்டார்ட்-அப் நடத்துகிறார்கள், ட்ரோன் வைத்திருக்கிறார்கள், கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு எங்கள் சந்துக்குள் நுழைகிறார்கள். எங்கள் ஜனங்கள் எங்கே என்று கேட்டேன். "அவங்கதானே உலகம்! அந்த டார்க்னெஸ்தானே நம்ம செல்லிங் பாயின்ட்," என்றார் ஞானதுரை. நான் பிறந்து வளர்ந்து, வேலைக்குப் போய், பஸ்ஸுக்கு நின்று, சண்டை போட்டு, பிரியாணி தின்று வாழ்கிற இடம் இவர்களுக்கு இருட்டு. வெளிச்சம் ஓ.எம்.ஆரிலிருந்து டோல் கட்டி வருகிறது.

ஒவ்வொன்றுக்கும் சண்டை போட்டேன், ஒவ்வொன்றிலும் தோற்றேன். விலகிவிடு என்று ஜுபைர் சொன்னான். ஆனால் அண்ணி தெருவில் எல்லோரிடமும் சொல்லிவிட்டிருந்தாள். மாத்தூரில் அவள் வேலை செய்யும் தையல் யூனிட்டில் சொல்லிவிட்டிருந்தாள். "எங்க வூட்டுக்காரு பேரு அச்சுல வருது." அதற்காகப் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். பெயரும் விதியும் இருந்தால் போதும், மற்றதைத் தின்னட்டும் என்று இருந்தேன்.

வெளியீட்டு விழா நுங்கம்பாக்கத்தில் ஒரு ஹாலில், ஞாயிற்றுக்கிழமை காலை. அண்ணி கத்தரிப்பூ நிறப் பட்டுப் புடவை கட்டிக்கொண்டு வந்தாள். அது அவள் நிச்சயதார்த்தப் புடவை. மகளைப் பக்கத்து வீட்டில் விட்டிருந்தாள். ஜுபைரும் அன்புமணியும் இஸ்திரி போட்ட சட்டையில் அவளுக்கு இரண்டு பக்கமும் முன்வரிசையில் உட்கார்ந்தார்கள். வாசலில் டீக்கடை மாதிரி செட் போட்டு, சினிமா போஸ்டரை வேண்டுமென்றே கிழித்து ஒட்டி, அதன் முன்னால் நின்று எல்லோரும் செல்ஃபி எடுத்துக்கொண்டார்கள். லுங்கி வாடகைக்குக் கிடைத்தது. ஜீன்ஸுக்கு மேலேயே கட்டிக்கொண்டார்கள்.

"இன்னா மகி, நம்மள மாரி வேஷம் போட்டுகினு கீறாங்க?" என்றாள் அண்ணி. அவளுக்குக் கோபம் இல்லை, வேடிக்கையாகத்தான் இருந்தது.

மேடை நடுவில் ஒரு மேசை. பெட்டி வாங்க வந்தவர்களில் நாலு பேரை ஆட உட்கார வைத்தார்கள். கதையை நடத்தக் கம்பெனிப் பையன் ஒருவன், கறுப்புச் சட்டை, காதோரம் மைக். பக்கத்து நாற்காலியில் ஆட்டத்தை எழுதியவள் என்று என்னை உட்கார வைத்தார்கள். பேசச் சொல்லவில்லை. பெட்டி அப்போதுதான் முதல்முறையாக என் கைக்கு வந்தது. பின்பக்கம் திருப்பினேன். நன்றி என்று போட்டு அடியில் பொடி எழுத்தில் பத்துப் பெயர்கள், ஆறாவதாக செங்குட்டுவன். சரி, இருக்கிறது என்று மூச்சு விட்டேன். அண்ணியைப் பார்த்துத் தலையசைத்தேன்.

ஆட்டம் ஆரம்பித்தது. ஸ்டார்ட்-அப் நாயகர்கள் காசிமேட்டுச் சந்து ஒன்றில் நடக்கிறார்கள். "தூரத்துல ஒரு சத்தம் கேட்குது," என்றான் கறுப்புச் சட்டை. ஓர் அட்டையை எடுத்து, அதிலிருந்த க்யூ.ஆர். கோடைப் போனில் காட்டினான். ஹால் முழுக்க ஸ்பீக்கரில் அன்புமணியின் குரல் வந்தது. டோல்கேட்டு டீக்கடை தொறந்து கீது.

அண்ணி சட்டென்று நிமிர்ந்து உட்கார்ந்தாள். முந்தானையைச் சரி செய்துகொண்டாள். தன் புருஷனுக்கு இத்தனை பெரிய ஹாலில் மரியாதை செய்கிறார்கள் என்று நினைத்திருக்கிறாள், கை தானாகக் கூப்பிக்கொண்டது. அந்தக் கூப்பிய கையை என்னால் மறக்க முடியாது.

"இது கானா பேய்!" என்று கத்தினான் கறுப்புச் சட்டை. "ஏரியாவிலேயே மோசமான பேய். இந்தப் பாட்டு முடியறதுக்குள்ள இதைக் கொன்னாகணும். முடிஞ்சுதுன்னா உங்க உயிர் காலி. சீக்கிரம், ரோல் பண்ணுங்க!"

நாலு பேரும் கூச்சல் போட்டுக்கொண்டு பகடையை உருட்டினார்கள். ஒருவன் ட்ரோனிலிருந்து சுட்டான். ஒருவன் கன்டெய்னரை அதன் தலையில் தள்ளினான். பார்த்துக்கொண்டிருந்தவர்கள், "கொல்லு, கொல்லு," என்று கைதட்டினார்கள். பாட்டில் அண்ணனின் பெயர் வந்தது. சுருட்டை முடி வைத்த ஒரு பெண் உருட்டியதில் இருபது விழுந்தது. ஹாலே எழுந்து ஆரவாரம் செய்தது. கறுப்புச் சட்டை போனில் விரலை வைத்தான். சொல்லாம கொள்ளாம என்ற இடத்தில் பாட்டு அறுந்தது.

என்ன செய்தார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்சம் நேரம் பிடித்தது. அண்ணனின் விதி உள்ளே இருந்தது. ஞானதுரை சொன்ன சொல்லைக் காப்பாற்றியிருந்தார். அதைத் தலைகீழாக வைத்திருந்தார், அவ்வளவுதான். முடிக்காமல் எழுந்திருக்கக் கூடாத பாட்டை, முடிக்கவே விடக் கூடாத பாட்டாக ஆக்கியிருந்தார்.

கைதட்டல் அடங்கியபோது முன்வரிசையிலிருந்து அண்ணியின் குரல் கேட்டது.

"இன்னாத்துக்கு நிறுத்துனாங்க? கடேசி அடி பாடலியே."

ஜுபைர் தரையைப் பார்த்தான். அன்புமணி எழுந்து நின்றான், வாயைத் திறந்தான், அவனுக்குக் குரல் வரவில்லை. ஆயிரம் சாவு வீட்டில் பாடின ஆள். அண்ணி அவனைப் பார்த்தாள், மேடையைப் பார்த்தாள். எங்கள் பக்கம் பெண்கள் பந்தலில் பாடுவதில்லை. அவள் அந்தப் பாட்டைக் கேட்டதே பந்தல் போட்ட அந்த ஒரு நாள்தான். உட்கார்ந்த இடத்திலிருந்தே, மைக் இல்லாமல், விட்டுப்போன கடைசி அடியைப் பாடினாள்.

அழுதுகினு திரும்பிப் பாக்காதே – நைனா
ஆக்குற சோத்துக்கு கொறை வராது
புள்ளைய நான் பாத்துக்குறேன் – நீ
பொத்தினாப்பல போயி சேரு

தெரு பாடியபோது அது "பொண்டாட்டி புள்ளைய பாத்துக்குறோம்" என்று இருந்தது. அவள் மாற்றிப் பாடினாள். ஹால் இடிந்து விழுகிற மாதிரி கைதட்டினார்கள். இதுவும் நிகழ்ச்சியில் ஒரு பகுதி என்று நினைத்துவிட்டார்கள். போனைத் தூக்கிப் பிடித்தவர்கள், "ஒன்ஸ் மோர்," என்றார்கள்.

நான் மேடையிலிருந்து இறங்கி அண்ணியிடம் வந்தேன், ஞானதுரையும் பின்னாலேயே ஓடிவந்தார். கண் கலங்கியிருந்தது, அந்த ஆளுக்குக் கண்ணீருக்குப் பஞ்சமே இல்லை.

"அக்கா, புல்லரிச்சுப் போச்சு. இதையும் ரெக்கார்ட் பண்ணிக்கலாமா? அடுத்த செட்ல பெண் பேய் ஒண்ணு யோசிச்சுட்டிருக்கோம். உங்க வாய்ஸ் அப்படியே..."

அண்ணி அவரை விட்டுவிட்டு என்னிடம் திரும்பினாள். "மகி, எனுக்கு ஒண்ணு சொல்லு. அவரு பாட்டு வந்ததும் இன்னாத்துக்கு எல்லாரும் கொல்லு கொல்லுன்னு கத்துனாங்க?"

பொய் சொல்லலாமா என்று ஒரு கணம் பார்த்தேன். "அதுதான் பேய் அண்ணி. அத்த சாவடிக்கிறதுதான் ஆட்டம்."

"அவரையா?"

ஞானதுரை உடனே கையிலிருந்த அட்டையை நீட்டினார். தன் நல்ல மனதுக்குச் சாட்சி காட்டுகிறாராம். "தப்பா நினைக்காதீங்க. மரியாதையாத்தான் செஞ்சிருக்கோம். பாருங்க, கார்டிலேயே போட்டிருக்கு." கோரைப் பல், ரத்தக் கண், கையில் டோலக்கு, இடுப்பில் லுங்கி. படத்துக்குக் கீழே சாய்ந்த எழுத்தில்: கானா பேய், செங்குட்டுவன் நினைவாக.

ஜுபைர் அட்டையைப் பிடுங்கினான். "யோவ், பாட்டைத்தான குடுத்தோம். ஆளையா குடுத்தோம்?"

"ஜுபைர், கொஞ்சம் பொறுமையா... அடுத்த எடிஷன்ல பேரை எடுத்துடலாம். ஆனா ஆடியோ இருக்கட்டும், ப்ரீ-ஆர்டர் பண்ணினவங்க எல்லாரும் அதைப் பத்தித்தான் எழுதறாங்க. மார்க்கெட்..."

"இந்தப் பெட்டிய வாங்குற எல்லாரும் வூட்ல வெச்சு ஆடுவாங்களா சார்?" என்று அண்ணி கேட்டாள்.

"ஆமா அக்கா. எத்தனை தடவை வேணா ஆடலாம்."

"எத்தினி தபா ஆடுனாலும் அவரைச் சாவடிப்பாங்களா?"

"அக்கா, இது கேம். கேம்ல சாகறது நிஜமில்ல," என்றார், குழந்தைக்குச் சொல்வது போல.

"தெரியும் சார்," என்றாள் அண்ணி. "நெசத்துல அவரு ஒரே தபாதான் செத்தாரு."

அதற்கும் அவர் ஏதாவது சொல்ல வந்திருந்தால் நான் அவரை அடித்திருப்பேன் என்று நினைக்கிறேன். ஹாலின் மறுபக்கம் விற்பனை மேசையில் பெட்டிகளை மலை மாதிரி அடுக்கியிருந்தார்கள், ஒவ்வொன்றின் மேலும் என் பெயர் இருந்தது. நேரே போய் மேலிருந்த பெட்டியை இழுத்து, பிளாஸ்டிக் உறையைப் பல்லால் கிழித்தேன்.

"மேடம், அது சீல் பண்ணினது," என்றான் மேசைப் பையன்.

"இதும் மேல யார் பேரு கீது, படிச்சுப் பாரு," என்றேன். இத்தனை மாதமும் ஞானதுரையிடமும் அவர் ஆட்களிடமும் அச்சுத் தமிழ் பேசிய வாய் அது. "எழுதுனவ நானு. எம் பெட்டிய நான் பிரிக்கிறேன். நீ கம்னு குந்து."

அட்டைக் கட்டைப் பிரித்து கானா பேயை எடுத்து வெளியே வைத்தேன். மற்றதை உள்ளே போட்டு மூடினேன். அடுத்த பெட்டி. ஜுபைர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அன்புமணி வந்தான். அண்ணி பட்டுப் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தரையில் உட்கார்ந்து, நாங்கள் எடுத்துப் போட்ட அட்டைகளை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள். ஜுபைர் ஒன்றைக் கிழிக்கப் போனான்.

"கிழிக்காத. அவரு பேரு கீது," என்றாள்.

வரிசையில் நின்றவர்கள் சுற்றி நின்று பார்த்தார்கள். சிலர் இதையும் வீடியோ எடுத்தார்கள். ஒருவர் தன் பணத்தைத் திருப்பிக் கேட்டார், ஒருவர் நாங்கள் குடித்திருக்கிறோமா என்று கேட்டார். இருபது உருட்டிய சுருட்டை முடிப் பெண் கொஞ்ச நேரம் தள்ளி நின்றாள். பிறகு வந்து அண்ணிக்கு எதிரே குந்தினாள், தன் பெட்டியைத் திறந்து அட்டையை எடுத்துக் கொடுத்தாள். "உனுக்கு இன்னாம்மா தெரியும்," என்று அண்ணி வாங்கிக்கொண்டாள். அந்தப் பெண் போகவில்லை. நகத்தால் உறைகளைக் கீறிப் பிரித்துக் கொடுத்துக்கொண்டே இருந்தாள்.

ஞானதுரை எங்களைத் தடுக்கவில்லை. இத்தனை போன்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போது தடுக்க அவருக்குப் பைத்தியமா? எல்லாப் பெட்டியும் முடிந்தபிறகு என் பக்கத்தில் குனிந்து, அந்தத் தாழ்ந்த குரலில் சொன்னார்.

"மகிழினி, உங்க கோபம் எனக்குப் புரியுது. ஆனா இங்கே இருந்தது விழாவுக்கு எடுத்து வெச்ச பெட்டிங்கதான். ப்ரீ-ஆர்டர் எல்லாத்தையும் போன வாரமே கூரியர்ல அனுப்பியாச்சு."

"எந்த ஊருக்கு?" என்று அண்ணி கேட்டாள்.

"பெங்களூர், புனே, ஹைதராபாத்... நிறைய ஊர் அக்கா. சிங்கப்பூர்கூட."

அண்ணி அட்டைகளைத் தன் பைக்குள் வைத்து ஜிப்பை இழுத்து மூடினாள். பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"மகி, இன்னிக்கி ஞாயித்துக்கெழம இல்ல? எல்லாரும் வூட்லதான இருப்பாங்க?"

"ஆமா அண்ணி."

"அப்ப இந்நேரம் ஆடிகினு இருப்பாங்க?"

ஆமாம் என்றேன். அவளிடம் பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.